இடது சிக்னல்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி கால் சுற்று சுற்றியது. டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன். மறுபடி கால் சுற்று, மறுபடி டிக். மூன்றாவது தடவை அழுத்துவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"பிரேமா! இத யாரு தொட்டது?"

என் மனைவி பிரேமலா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் எதுக்குங்க உங்க பொத்தான தொடப்போறேன்?" என்றாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். கோபம் வந்தால் எனக்குக் காது வேலை செய்யாது.

என் பெயர் ஜெயபாலன். பாசிர் கூடாங் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லாரி ஓட்டுகிறேன், இருபத்து நான்கு வருடமாக. வீடு பக்கத்திலேயே, மாசாயில். வாரம் ஆறு நாள் நிஜ லாரி ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் பொய் லாரி ஓட்டுகிறவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "கசாப்புக் கடைக்காரரு லீவு நாள்ல வேடிக்க பாக்க இன்னொரு கசாப்புக் கடைக்குப் போற மாதிரி இருக்கு" என்று பிரேமலா கேலி செய்வாள். செய்யட்டும். அந்த விளையாட்டில் ஜப்பானின் வடக்கே பனி கொட்டும் ஒரு தீவு இருக்கிறது. அங்கேயும் நம்மைப் போலச் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். இணையம் வழியாக வேறு ஊர்க்காரர்களும் அதே சாலையில் வந்து ஓட்டலாம். செம்பனைத் தோட்டமே கண்ணில் படாது. வெள்ளை மலை, கறுத்த கடல், கண்ணாடியில் வந்து விழும் பனி. வாழ்நாளில் பனியைத் தொட்டறியாத நான் முதல் நாள் லாரியை ஓரங்கட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் சனிக்கிழமை நான் வியர்த்தது பனிக்காக அல்ல, மலருக்காக.

மலர் எங்கள் ஒரே மகள். இந்தக் கம்ப்யூட்டரை நானும் அவளும் சேர்ந்து பூட்டினோம். இரண்டாயிரத்து இருபதில் யாரும் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று அடைத்து வைத்திருந்தார்களே, அப்போது. அவளுக்குப் பதினேழு வயது. சாமான்கள் ஒவ்வொன்றாகத் தபாலில் வரும். சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு அவள் படித்துச் சொல்வாள், நான் திருகாணி முடுக்குவேன். "அப்பா, இது லாரி டயர் இல்ல. மெதுவா லா!" என்று கத்துவாள். என் ஆயுளிலேயே நல்ல இரண்டு மாதம் அது.

பிறகு அவள் கோலாலம்பூருக்குக் கணக்கியல் படிக்கப் போனாள். இரண்டாம் வருடம் என்னைக் கேட்காமலேயே அதை விட்டுவிட்டு அனிமேஷன் படிப்பில் சேர்ந்தாள். படம் வரைந்து எப்படிப் பிழைப்பாய் என்று கேட்டேன். அதைவிட மோசமாகவும் கேட்டேன். அவளும் விடவில்லை. அப்படியே இழுத்துக்கொண்டே போய், போன வருடம் அவளுடைய பட்டமளிப்பு விழா வந்தது. பிரேமலா முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டாள். நான் வேலை முடிந்து காரில் வருவதாகச் சொல்லியிருந்தேன். வீம்பு தலைக்கேறிவிட்டது. போகவில்லை. விழா நேரத்துக்குப் போன் செய்து, "கார் ரோசாக் மா, ஆயர் ஈத்தாம்கிட்ட நின்னுடுச்சு" என்றேன்.

உண்மையில் நான் மாசாயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நுரை பொங்க ஆற்றிய தேத்தாரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் யாரோ பிறந்தநாள் கேக் வெட்டினார்கள். அந்த வீடியோ அன்று சாயங்காலமே பேஸ்புக்கில் வந்தது. கேக்குக்குப் பின்னால் நான், கையில் கிளாஸோடு.

மலர் ஒரே ஒரு செய்தி அனுப்பினாள். "பரவால்ல பா. கார் ரெடியானதும் சொல்லுங்க."

அதற்குப் பிறகு என் போனை அவள் எடுக்கவில்லை. பினாங்கில் வேலை கிடைத்ததும் அம்மாவுக்குத்தான் சொன்னாள். ஐந்து மாதம் அப்படியே போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் தனியாக அந்தப் பனிச்சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கக் கண்ணாடியில் இரண்டு விளக்கு தெரிந்தது. ஒரு லாரி எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. திரையின் ஓரத்தில் அவள் பெயர். இரண்டு ஹாரன் அடித்தேன். இரண்டு ஹாரன் திரும்பி வந்தது. பேச்சு இல்லை. ஒரு மணி நேரம் பின்னாலேயே வந்துவிட்டுக் காணாமல் போனாள்.

அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்ததும். பதினோரு ஞாயிறு. எப்போதும் எனக்குப் பின்னாலேயே வருவாள், ஒரு தடவைகூட முந்திப் போனதில்லை. போன ஞாயிறு மறைவதற்கு முன்பு முதல் முறையாக எழுதினாள். "அடுத்த வாரம் ஹெட்செட் போடுங்க பா. பேசலாம்."

நான் அந்த வரியைப் பிரேமலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புது ஹெட்செட் வாங்கி, அது வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். இப்போது சொல்லுங்கள், நான் என்னவென்று அவளுக்குச் செய்தி அனுப்புவேன்? மெஷின் ரோசாக் என்றா? அதே ஆள், அதே சாக்கு. பிரேமலாவைச் சொல்லச் சொல்லலாம். அம்மாவையும் பொய்யில் கூட்டுச் சேர்த்துக்கொண்டார் என்று நினைப்பாள். உலகத்தில் எனக்கு மட்டும்தான் உண்மையைச் சொல்ல வழியில்லாமல் போயிருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது, அந்த வழியை அடைத்தது நானேதான்.

ஆகவே நானே சரிசெய்ய இறங்கினேன். பிளக்கை மாற்றினேன், வேறு சுவரில் செருகினேன். அதே டிக். பெட்டியின் இடப்பக்கக் கண்ணாடியைக் கழற்றித் தூசு துடைத்தேன். நினைவகப் பட்டைகளை உருவி, அவற்றின் பொன்னிறப் பற்களை பென்சில் அழிப்பானால் தேய்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். டிக். படம் காட்டும் கார்டைக் கழற்றினேன். டிக். சில்லறைக் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், அதை எடுத்து அரை மணி நேரம் கழித்துத் திரும்பப் போட்டேன். டிக். பிரேமலா அடிக்கடி வந்து வாசல்படியில் நின்றாள். "முழுசா பிரிச்சிடாதீங்க" என்றாள். "எதுக்கு எல்லாத்தையும் கெளப்புறீங்க?" என்றாள். நான் எரிந்து விழுந்தேன்.

இவையெல்லாம் செருகியிருக்கும் அந்தப் பெரிய பலகையை ஆறு வருடமாக நான் உற்றுப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு மண்டியிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு தடவை துறைமுகக் கிரேன் உச்சியில் ஏறியிருக்கிறேன். அங்கிருந்து எண்ணெய்த் தொட்டிகளும் கிடங்குகளும் சாலைகளும் இப்படித்தான் தெரிந்தன. மயிரை விட மெல்லிய செம்புக் கோடுகள், நூற்றுக்கணக்கில், ஒன்றையொன்று தொடாமல் வளைந்து வளைந்து ஓடின. இதற்குள் எங்கே அந்தக் கடல்? எங்கே பனி? பினாங்கில் ஒரு பெண் அடிக்கும் ஹாரன் இதில் எந்தக் கோட்டு வழியாக மாசாய்க்கு வருகிறது? என்னால் நம்ப முடியவில்லை. இத்தனை நாள் இது வேலை செய்தது எப்படி என்றே தோன்றியது. கோபம் கொஞ்ச நேரம் எங்கேயோ போய்விட்டது.

நஜ்முதீனுக்குப் போன் செய்தேன். மாசாய்க் கடை வரிசையில் கைபேசியும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கிறவன், முப்பத்தைந்து வயதுக்காரன், பொறுமைசாலி. "அண்ணே, இன்னிக்கு கடைல தல தூக்க முடியல. நாளைக்கு லுஹர் தொழுதுட்டு நேரா வூட்டுக்கு வந்துடறேன்" என்றான்.

ஞாயிறு இரண்டரைக்கு வந்தான். நான் செய்ததையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவன் தலையாட்டிக்கொண்டே, மின்சாரம் கொடுக்கும் பெட்டியின் ஒயர்களைப் பலகையிலிருந்து பிரித்து, அவற்றில் பச்சையையும் கறுப்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தான். அந்தப் பெட்டியின் விசிறி ஜோராகச் சுற்றியது.

"பவர் நல்லாருக்கு. அது எதையோ பார்த்துப் பயப்படுதுண்ணே."

"பயமா?"

"உள்ள எங்கயோ கரண்டு போகக்கூடாத எடத்துக்குப் போவுது. அது தெரிஞ்ச ஒடனே இது தானா கையை எடுத்துக்கும். அந்த டிக் சத்தம் அதுதான். விட்டா எல்லாம் கருகிப் போயிடும்ல?"

நான் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தேன். இரண்டு நாளாக அதைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அது முடியாமல் நிற்கவில்லை. எரிந்து போய்விடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருந்தது. எனக்கு மலரின் ஐந்து மாதம் நினைவுக்கு வந்தது.

"பலகையை வெளிய எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்றான் நஜ்முதீன்.

மணி மூன்று. ஒன்பது திருகாணி. அவன் ஒவ்வொன்றையும் கழற்றித் தட்டில் வரிசையாக வைத்தான். பிரேமலா இப்போது வாசலிலிருந்து உள்ளேயே வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் பலகையை மெதுவாகத் தூக்கி, ஒரு மைலோ அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தான். ஒயர்களைச் செருகினான். பொத்தான் பெட்டியோடு போய்விட்டதால், பொத்தானுக்கான இரண்டு ஊசிமுனைகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டான்.

விசிறி சுற்றியது. நிற்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. பலகையில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் நஜ்முதீன். நான் "முருகா" என்றேன். இருவரும் ஒரே மூச்சில் சொன்னோம்.

"அப்ப பலகை நல்லாருக்கு, பவர் நல்லாருக்கு. பெட்டிதாண்ணே கோளாறு." அவன் காலிப் பெட்டியைத் தூக்கிச் சாய்த்தான். உள்ளே ஏதோ சறுக்கி வந்து டிங் என்று விழுந்தது.

ஒரு செம்புத் தகடு. தீப்பெட்டி அகலம்தான். மேலே கட்டம் கட்டமாக எழுத்து, நடுவில் காய்ந்த குங்குமம்.

நஜ்முதீன் அதைச் சட்டென்று வெறுங்கையால் எடுக்கவில்லை. தன் கைக்குட்டையை விரித்து அதில் ஏந்தி மேசையில் வைத்தான். "இது உங்க சாமி சாமான் போல இருக்குண்ணே. பலகைக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. செம்புல்ல? கரண்டு அது வழியா பாஞ்சிருக்கு, அதான்."

நான் பிரேமலா பக்கம் திரும்பினேன். கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

"வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போனேன்" என்றாள் அவள், நான் கத்துவதற்குள். "பூசாரி மந்திரிச்சுக் குடுத்தாரு. அப்பாவும் பொண்ணும் சேருற எடத்துல, கண்ணுல படாம வையின்னாரு. ஒரு மண்டலம் வெளிய சொல்லக்கூடாதுன்னும் சொன்னாரு." குரல் உடைந்தது. "நீங்க ரெண்டு பேரும் சேருற எடம் இந்த வீட்ல வேற எதுங்க? வாசலா? சோபாவா? மேசையா? இது ஒண்ணுதான? கண்ணாடி இல்லாத மறுபக்கத்துக் கதவத் தொறந்தேன். பின்னால மாடம் மாதிரி ஒரு சதுர ஓட்ட இருந்துச்சு. கும்பிட்டு, அதுல வச்சேன்."

கத்த வந்தவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கம்ப்யூட்டரை அவள் இத்தனை வருடமாக வெறும் விளையாட்டுச் சாமான் என்று திட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவளோ அதற்கு முன்னால் நின்று கும்பிட்டிருக்கிறாள். அந்தப் பனிச்சாலை எனக்கு என்ன என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. இப்படி ஒருத்தியோடு இருபத்தாறு வருடம் வாழ்ந்தும் அவளைப் பார்க்காமலே இருந்திருக்கிறேன் என்று எனக்கு வெட்கமாகவும் பிரமிப்பாகவும் இருந்தது.

"எங்க உம்மா என் கடை ஷட்டருக்கு மேல ஓதி வாங்கின தகடு ஒண்ணு வச்சிருக்காங்க" என்றான் நஜ்முதீன் மெல்ல. "எடுத்தா அடிப்பாங்க. அழாதீங்கக்கா. ஒண்ணும் கருகல."

மணி நாலு நாற்பது.

"இதையெல்லாம் திரும்பப் பூட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும்" என்றான்.

"அலமாக்! அஞ்சு மணிக்கு மலர் வந்துடுவாளே" என்றேன்.

"அப்ப பூட்ட வேணாம். இப்படியே ஓட்டுங்க."

மைலோ பெட்டியோடு பலகையைச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றினோம், ஆறு வருடத்துக்கு முன்பு அது பிறந்த அதே மேசைக்கு. படம் காட்டும் கார்டைச் செருகினால் பிடிமானமில்லாமல் சாய்ந்தது. பிரேமலா ஓடிப்போய் சப்பாத்திக் கட்டையை எடுத்து வந்து முட்டுக் கொடுத்து, உருளாமல் பிடித்துக்கொண்டாள். ஒயர்கள் மேசையெங்கும் கிடந்தன. திரை எரிந்தது. நான் விளையாட்டைத் திறந்தேன். இணைக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டது.

ஐந்து மணி. மறுபடி திறந்தேன். முடியவில்லை. ஐந்து ஐந்து. நஜ்முதீன் இணைய ஒயரைப் பிடுங்கிச் செருகினான். முடியவில்லை. ஐந்து பத்து. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஐம்பத்தொரு வயது ஆண்பிள்ளைக்கு.

அவன்தான் திரையின் மூலையைக் கவனித்தான். "அண்ணே, தேதியப் பாருங்க."

ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து இருபது. நான் பேட்டரியைக் கழற்றியபோது மெஷின் நாளை மறந்துவிட்டிருந்தது. அதன் கணக்கில் மலருக்குப் பதினேழு வயதுதான் ஆகப்போகிறது, நான் இன்னும் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. அந்தத் தேதியிலேயே இருந்துவிடக் கூடாதா என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். நஜ்முதீன் இன்றைய தேதியைப் போட்டான். விளையாட்டு திறந்தது.

ஐந்து இருபத்திரண்டு. பனி கொட்டிக்கொண்டிருந்தது. சாலையோரம் லாரிகள் நிற்கும் இடத்தில், நான் வழக்கமாகக் கிளம்பும் இடத்துக்குப் பின்னால், ஒரு லாரி நின்றது. நான்கு மூலை விளக்கும் மினுக் மினுக் என்று எரிந்தபடி. அதன் கூரையில் இருபத்திரண்டு நிமிடப் பனி சேர்ந்திருந்தது.

அவள் போகவில்லை. காத்திருந்தாள். நான் இரண்டு ஹாரன் அடித்தேன்.

ஹெட்செட்டில் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, "லேட்டு பா."

ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். தயாரித்து வைத்திருந்ததெல்லாம் பறந்துவிட்டது. "மெஷின் ரோசாக் மா" என்றேன்.

அதே சாக்கு வாயில் வந்துவிட்டது. அவள் நம்பமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பிரேமலாவும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். ஹெட்செட்டின் மைக்கை மறு கையால் தன் வாய்ப்பக்கம் இழுத்தாள். "மலரு, அப்பா சொல்றது நெசம். நான்தான் உள்ள தகடு வச்சிட்டேன். நீங்க ரெண்டு பேரும் ராசியாவணும்னு வச்சேன் மா. அது கரண்டத் தடுத்துடுச்சு. இப்ப சப்பாத்திக் கட்ட வச்சுத்தான் நிக்குது."

"என்னது?"

"சப்பாத்திக் கட்ட" என்றேன் நான்.

மலர் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், மூக்கால் உறிஞ்சிக்கொண்டு, நீண்ட நேரம் சிரித்தாள். சிரிப்பின் கடைசியில் அழுகை மாதிரியும் ஏதோ கேட்டது. இந்த மாதிரி ஒரு பொய்யை யாராலும் இட்டுக்கட்ட முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

இருவரும் லாரியைக் கிளப்பினோம். நான் முன்னால், அவள் பின்னால். மலைப்பாதை ஏறியது. கொஞ்ச தூரம் போன பிறகு, "அப்பா" என்றாள்.

"ம்."

"கார் ரெடியாயிடுச்சா?"

ஆயிடுச்சு என்று சொல்லியிருக்கலாம். அவள் அதையும் ஏற்றுக்கொண்டிருப்பாள். ஆனால் இரண்டு நாளாக ஒரு மெஷினைக் கழற்றிக் கழற்றி, கோளாறு எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும் என்று பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"கார் கெட்டே போகல மா. நான் மாசாய்ல தேத்தாரே குடிச்சிட்டு இருந்தேன். வந்து கைதட்டிட்டா நான் தோத்துட்டேன்னு ஆயிடும்னு வீம்பு. நீ மேடையேறுறத நான் பாக்கல. அது எனக்கு இன்னும் வலிக்குது."

வளைவு வந்தது, கியரைக் குறைத்தேன்.

"தெரியும் பா" என்றாள். "நீங்க சொல்லணும்னுதான் இருந்தேன்."

பாதை உச்சிக்கு வந்தது. முன்னால் நீளமாக, நேராக, எதிரில் ஒரு வண்டியும் இல்லாமல் இறங்கியது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒற்றைச் சாலையில் லாரிக்குப் பின்னால் வருகிறவனுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. லாரிக்காரனுக்குத் தெரியும். பாதை காலியாக இருந்தால் அவன் இடது சிக்னல் போடுவான். போ, பயமில்லை, என்னை முந்திக்கொண்டு போ என்று அதற்கு அர்த்தம். சின்ன வயதில் மலர் என் லாரியில் உட்கார்ந்து வரும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இருபத்து நான்கு வருடத்தில் முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு நான் அந்தச் சிக்னலைப் போட்டிருக்கிறேன். என் மகளுக்கு ஒரு தடவைகூடப் போட்டதில்லை.

இடது சிக்னலைப் போட்டேன்.

கண்ணாடியில் அவளுடைய விளக்கு அசையாமல் இருந்தது. பிறகு வலப்பக்கம் விலகியது. அவள் லாரி என்னைத் தாண்டி, இரண்டு ஹாரன் அடித்து, எனக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

அப்போதுதான் அதன் முதுகைப் பார்த்தேன். பன்னிரண்டு வாரமாக எனக்குப் பின்னாலேயே வந்தவள், அதனால் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. கண்டெய்னர் கதவு முழுவதும் அவள் வரைந்த படம். செம்பனை வரிசை, நடுவே சிவப்புச் சாலை, அதில் என் லாரி. கீறல் விழுந்த இடப்பக்க பம்பர்கூட அப்படியே இருந்தது. ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நான். பக்கத்தில் இரட்டைப் பின்னலோடு ஒரு சின்னப் பெண், சீட்டில் முட்டி போட்டு, முன்கண்ணாடி வழியாக எதையோ கைநீட்டிக் காட்டுகிறாள். பனி அதன்மேல் விழுந்துகொண்டே இருந்தது.

எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறாள்! என் மகள் இதைத்தான் படித்தாளா? எனக்குச் சாலை மங்கியது.

"பா? ஏன் பேசமாட்றீங்க? பின்னால வர்றீங்களா?"

"வர்றேன் மா" என்றேன். "நீ போ. நான் பாத்துக்கிட்டே வர்றேன்."

பிறகு ஹெட்செட்டைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிவிட்டு, "பிரேமா, சப்பாத்திக் கட்டைய நஜ்முதீன்கிட்ட குடுத்துட்டு இங்க வா" என்று கூப்பிட்டேன். "வந்து இதப் பாரு."